நிழலுலகில் நிழற்படம்

நிழற்படக்கலை 1839ஆம் ஆண்டு பாரிசு நகரில் உலகறிய வெளியிடப்பட்ட நாள்தொட்டு அதனை விடாது தொடர்ந்து வரும் வினா ஒன்று உண்டு. படம் பிடிப்பவர் கலைஞரா, அல்லது ஒளி தானே வரைந்து தந்ததைக் கையேற்று வைக்கும் பணியாளரா என்பதே அவ்வினா. ஓவியர்கள் அன்று தொடுத்த இவ்வழக்கு ஒருவாறு தீர்ந்தது என்று பலரும் எண்ணியிருந்த வேளையில், அஃது இன்று வேறோர் உருவில் மீண்டும் அவையேறியுள்ளது. கணிப்பொறி ஆக்கித்தரும் மெய்நிகர் உலகங்களுக்குள் புகுந்து, ஆங்குள்ள மலையையும் கடலையும் மாந்தரையும் படம் பிடிப்போர் பெருகியுள்ளனர். அவ்வாறு பிடித்த படங்கள் கலைக்கூடங்களிலும் இடம்பெறத் தொடங்கிவிட்டன. இலண்டன் மாநகரின் நிழற்படக் கலைஞர் கூடம் 2022ஆம் ஆண்டில் இத்தகைய படங்களையும் உள்ளடக்கிய கண்காட்சி ஒன்றை நடத்தியது. ஆகவே, இதனைச் சிறுபிள்ளை விளையாட்டு என்று ஒதுக்கிவிடுதல் திறனாய்வாளர்க்கு அழகன்று.

இச்செயலின் இயல்பை முதற்கண் அறிதல் வேண்டும். மெய்நிகர் உலகில் மலை என்று ஒன்று இல்லை. மலையைப் பற்றிய கணக்கே உண்டு. காண்போர் நிற்கும் இடத்திற்கும் நோக்கும் திசைக்கும் ஏற்ப, நொடிக்குப் பலமுறை அக்கணக்கு காட்சியாக மாற்றப்படுகிறது. படம் பிடிக்க விரும்புவோர் விளையாட்டை இடையில் நிறுத்துகின்றனர். உலகம் முழுவதும் அசைவற்று நிற்கிறது. விழும் இலை நடுவானில் நிற்கிறது. அதன்பின் அவர்கள் கண்ணுக்குத் தெரியாத கருவியொன்றைக் கொண்டு காட்சியைச் சுற்றி வந்து, வில்லையின் குவியத்தையும் ஒளியின் அளவையும் மாற்றி, வேண்டிய கோணத்தைத் தெரிந்துகொள்கின்றனர். வியப்பு யாதெனின், உண்மையான வில்லைக்கு இயல்பாயுள்ள குறைகளையெல்லாம் கணிப்பொறி முயன்று வரவழைக்கிறது. பின்புலம் மங்குதல், ஓரம் கருத்தல், படச்சுருளில் காணப்படும் மணிமணியான புள்ளிகள் ஆகியவை இங்கு தேவையின்றியே சேர்க்கப்படுகின்றன. கண்ணாடி இல்லாத இடத்தில் கண்ணாடியின் குற்றம் வேண்டப்படுவது, பழங்கருவிகளின்பால் மனிதர் கொண்ட பற்றினையே காட்டும்.

இதன் வரலாறு நெடிதன்று. 1999ஆம் ஆண்டு சப்பானிய நிறுவனமான நிண்டெண்டோ வெளியிட்ட போக்கிமான் ஸ்னாப் என்னும் விளையாட்டில் படம் பிடிப்பதே ஆடுவோரின் தொழிலாக அமைந்தது. அதில் பேராசிரியர் ஒருவர் ஒவ்வொரு படத்திற்கும் மதிப்பெண் வழங்குவார். விலங்கு பெரிதாகத் தோன்றினால் மிகுதியும், சட்டத்தின் நடுவில் நின்றால் இருமடங்கும் கிடைக்கும். நடுவில் நிறுத்துவதே நயம் என்று கருதும் தேர்வாளர்கள் நிழலுலகிலும் உளர் போலும்! 2003ஆம் ஆண்டு அமெரிக்காவின் லிண்டன் ஆய்வகம் திறந்துவைத்த செகண்ட் லைப், விளையாட்டாக அன்றி வாழிடமாகவே அமைந்தது. மக்கள் தமக்கென ஓர் உருவைப் புனைந்துகொண்டு, ஆங்கு வீடு கட்டினர், விழா எடுத்தனர், ஒருவரையொருவர் படமும் எடுத்தனர். அடுத்த ஆண்டில் வெளிவந்த கிரான் டூரிஸ்மோ என்னும் மகிழுந்துப் பந்தய விளையாட்டின் நான்காம் பகுதி படம் பிடிப்பதற்கெனவே தனி அமைப்பினைக் கொண்டிருந்தது. இன்று அவ்வமைப்பு இல்லாத பெருவிளையாட்டுகளே குறைவு.

இப்படங்களைக் கலையென ஏற்க மறுப்போர் கூறும் காரணம் ஒன்றே. மலையை அமைத்தவர் வேறொருவர். ஞாயிற்றை ஏற்றியவரும் வேறொருவர். படம் பிடித்தவர் பிறர் வரைந்த ஓவியத்தைப் படியெடுத்தவரே என்பர். இக்கூற்று முற்றிலும் பொருந்துவதன்று. தஞ்சைப் பெரியகோயிலின் சிற்பத்தைப் படம் பிடிப்பவரும் பிறர் செதுக்கியதையே பிடிக்கிறார். எந்த நாழிகையில், எந்தப் பக்கத்து ஒளியில், எவ்வளவு நெருங்கி நின்று பிடித்தார் என்பதில் அவருடைய பங்கு வெளிப்படுகிறது. தெரிவே நிழற்படக்கலையின் உயிர். ஆதலால் ‘இது கலையா’ என்று கேட்பதைவிட, ‘தெரிந்தெடுத்தவர் எதைக் கண்டார்’ என்று கேட்பதே பயன் தரும்.

இவ்விடத்தில் தமிழ்ப் புலவர்கள் வகுத்த அளவுகோல் பெரிதும் துணை செய்கிறது. தொல்காப்பியம் நாடக வழக்கு என்றும் உலகியல் வழக்கு என்றும் இரண்டனைப் பகுத்து, அவை கூடிப் பிறப்பதே புலனெறி வழக்கம் என்று காட்டும். சுவைபட நிகழ்வனவற்றையெல்லாம் ஓரிடத்தே நிகழ்ந்தனவாகத் தொகுத்துக் கூறுவதே நாடக வழக்கு என்பர் உரையாசிரியர். குறிஞ்சியில் கூதிர்க் காலமும் யாமப் பொழுதும் அருவியும் வேங்கையும் தலைவனும் தலைவியும் ஒருங்கே வந்து பொருந்துதல் உலகியலில் என்றோ ஒருநாள் நிகழலாம். செய்யுளிலோ எப்போதும் நிகழும். மெய்நிகர் உலகமும் இத்தகையதே. ஆங்குப் பொழுதும் நிலமும் விரும்பியவாறு வந்து பொருந்தும். அங்ஙனமாயின், அகப்பாடலுக்குரிய அளவுகோலால் அதனை அளப்பதில் தவறில்லை.

அளந்து பார்க்குங்கால் ஒரு குறை வெள்ளிடைமலையாய்த் தெரிகிறது. இவ்வுலகத்து இயற்கைக் காட்சிப் படங்களுள் மிகப்பல முதற்பொருளோடும் கருப்பொருளோடும் நின்றுவிடுகின்றன. நிலம் உண்டு, பொழுது உண்டு, மரமும் மானும் உண்டு, உரிப்பொருள் இல்லை. சான்றாக, 2020ஆம் ஆண்டில் வெளிவந்த கோஸ்ட் ஆப் சுசிமா என்னும் விளையாட்டை எடுத்துக்கொள்ளலாம். பதின்மூன்றாம் நூற்றாண்டில் மங்கோலியர் படையெடுத்த சப்பானியத் தீவொன்று அதில் அமைக்கப்பட்டுள்ளது. படம் பிடிப்போர் காற்றின் திசையையும் விரைவையும் மாற்றலாம், உதிரும் இலையின் வகையைத் தெரிந்துகொள்ளலாம், விடியலை மாலையாக்கலாம். இத்துணை உரிமையும் வழங்கப்பட்டதன் விளைவு யாது? செந்நிற இலைகள் பறக்க, தனி வீரன் ஒருவன் முதுகு காட்டி நிற்கும் படமே மீண்டும் மீண்டும் பிறந்தது. எல்லாம் கைக்கு எட்டும் இடத்தில் எதையும் தேடவேண்டிய தேவை இல்லாமற்போகிறது. தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு ஏறும் பழைய சாலையில் லாத்தா இஸ்கண்டார் அருவியின் முன் வண்டியை நிறுத்திப் படம் பிடிப்பவர், மழையா வெயிலா என்பதற்கு ஆட்பட்டே தீரவேண்டும். கிடைத்த ஒளியோடு போராடும் அந்த இடர்ப்பாடே சில வேளைகளில் படத்திற்கு உயிரூட்டிவிடுகிறது.

எனினும் அத்தீவின் கதையில் மற்றொரு பக்கமும் உண்டு. உண்மையான சுசிமாத் தீவில் புயலால் வீழ்ந்த கோயில் வளைவொன்றைப் புதுப்பிக்கப் பொருள் திரட்டியபோது, அவ்விளையாட்டை ஆடியவர்களும் மனமுவந்து நிதி அளித்தனர். 2021ஆம் ஆண்டில் விளையாட்டை ஆக்கிய இயக்குநர்களை அத்தீவு தன் சுற்றுலாத் தூதுவர்களாக ஏற்றுப் பெருமைப்படுத்தியது. நிழலைக் கண்டவர் பொருளைத் தேடிச் செல்வதும் உண்டு என்பதற்கு இது சான்றாகும்.

இயற்கைக் காட்சியினும் மாந்தர் உருவப்படமே கடுஞ்சோதனையாக அமைகிறது. இதனை ஆராய்வதற்கு முன், மலாயாத் தமிழரிடையே உருவப்படம் புகுந்த வகையைச் சற்று எண்ணிப் பார்த்தல் தகும். ஜான் தாம்சன் என்னும் இசுக்காத்துலாந்து நிழற்படக் கலைஞர் 1862ஆம் ஆண்டு நீரிணைக் குடியேற்றங்களுக்கு வந்து, பினாங்கில் சில மாதங்கள் தங்கினார். படங்களை அச்சிடவும் தமக்கு உதவவும் மதராசிலிருந்து வந்தோர் இருவரைப் பழக்கிக்கொண்டதாக 1875இல் வெளிவந்த தம் நூலில் அவர் குறித்துள்ளார். இந்நாட்டு நிழற்படத் தொழிலின் தொடக்கத்திலேயே தென்னாட்டார் கை அதில் பட்டிருந்தது என்பது பலர் அறியாத செய்தி. அவ்விருவரின் பெயர்கள் அந்நூலில் நிலைபெறவில்லை.

தோட்டப்புறத்துப் பால்வெட்டுத் தொழிலாளர்க்குப் படம் நெடுங்காலம் எட்டாப் பொருளாகவே இருந்தது. 1948ஆம் ஆண்டு அவசரகாலச் சட்டத்தின்கீழ்ப் பன்னிரண்டு வயது நிரம்பிய அனைவர்க்கும் படமும் பெருவிரல் ரேகையும் பதிந்த அடையாள அட்டை வழங்கப்பட்டது. அரசு கட்டளையிட்டுப் பிடித்த அப்படத்தில் முகம் மட்டுமே உண்டு, பின்புலம் இல்லை. அவர்களே விரும்பிப் பிடித்துக்கொண்ட படங்களோ நேர்மாறானவை. ஈப்போவிலும் தாப்பாவிலும் இவை போன்ற பட்டணங்களிலும் போட்டோக்கடை என்று மக்கள் வழங்கிய நிழற்படக் கூடங்களுக்குள் நுழைந்தால், திரையில் தீட்டிய மாளிகைப் படிக்கட்டும் பூந்தோட்டமும் ஏரியும் எதிர்நிற்கும். கடையிலிருந்தே சட்டையும் கைக்கடிகாரமும் இரவல் கிடைப்பதுண்டு. விடியுமுன் பிரட்டுக் களத்தில் நின்றவர், நண்பகலில் அம்மாளிகையின் படிக்கட்டில் நிற்பார். தமிழகத்து ஊர்களில் இத்தகைய படங்கள் எவ்வளவு பெருகியிருந்தன என்பதை, பிரிட்டிஷ் நூலகத்தின் துணையோடு புதுச்சேரிப் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் திரட்டிக் காத்துள்ள தொகுப்பு இன்று உணர்த்துகிறது.

அத்தீட்டிய திரை மெய்நிகர் உலகமன்றி வேறென்ன? உலகம் பொய், முகம் மெய். ஏரியின் நீர் வெறும் வண்ணம் என்பதை அறிந்தும், அதன்முன் நின்றவரின் இறுகிய தோள்களும் இமையாத கண்களும் உண்மையை விட்டு விலகவில்லை. அப்பொய்யும் மெய்யும் ஒன்றோடொன்று உரசும் இடத்திலேதான் அப்படங்களின் ஆற்றல் அடங்கியுள்ளது. கணிப்பொறி உலகிலோ திரையும் பொய், முகமும் பொய். நோக்கும் கண் ஒன்றே மெய். இவ்வேறுபாட்டை உணராதார் இருவகைப் படங்களையும் ஒருதட்டில் வைத்து நிறுப்பர்.

ஈவா, பிராங்கோ மாட்டெசு என்னும் இணையர் 2006ஆம் ஆண்டு செகண்ட் லைப் உலகில் வாழ்வோரின் முகங்களைப் படம் பிடித்துக் காட்சிக்கு வைத்தனர். பதின்மூன்று பேரழகுத் திரையுருக்கள் என்பது அத்தொகுப்பின் பெயர். அழகு குறையவே இல்லை. குறையாமையே குறை. மாந்தர் தம் முகத்தைத் தாமே படைத்துக்கொள்ளும் உரிமை பெற்றபோது, பெரும்பாலோர் ஒரே உதட்டையும் ஒரே கன்னத்தையும் தெரிந்தெடுத்தனர் என்பதை அத்தொகுப்பு அமைதியாகச் சொல்லிவிடுகிறது. படங்களாக நோக்கின் அவை தட்டையானவை. சான்றுகளாக நோக்கின் கூர்மையானவை.

அடுத்த ஆண்டு வெளிவந்த இராபி கூப்பரின் நூல் இதனினும் ஆழமானது. ஒரு பக்கத்தில் மனிதரின் உண்மைப் படம். மறுபக்கத்தில் அவர் புனைந்துகொண்ட திரையுரு. உடன் அவருடைய பெயரும் வாழ்வுக் குறிப்பும். தசைநலிவு நோயால் உடல் தளர்ந்து, மூச்சுக் கருவியின் துணையோடு அமர்ந்திருக்கும் இளைஞர் ஒருவர் ஒருபுறம். தலைமுதல் கால்வரை கவசம் பூண்டு நிமிர்ந்து நிற்கும் வீரன் மறுபுறம். இரண்டனுள் எதுவும் தனித்து நின்றால் சிறவாது. கவச வீரன் கடையில் விற்கும் பொம்மையாவான். நோயுற்ற இளைஞரோ இரக்கத்திற்குரிய காட்சிப்பொருளாகிவிடுவார். அருகருகே நிற்கும்போதுதான் இருவரும் ஒருவரையொருவர் விளக்குகின்றனர். போட்டோக்கடையின் பழைய உரசல் இங்கு மீண்டும் பிறந்துவிட்டது.

ஈராக்குப் போரைப் படம் பிடித்த ஆசுலி கில்பர்ட்சன் என்னும் கலைஞரை, 2014ஆம் ஆண்டு டைம் இதழ் ஒரு விளையாட்டுக்குள் அனுப்பியது. அழிவுற்ற நகரங்களையும் கொலையையும் காட்டும் அவ்வுலகில், போர்க்களத்தில் செய்தது போலவே படம் பிடித்து வரவேண்டும் என்பது பணி. அவர் கண்டு கூறிய குறை தமிழ் மாணவர்க்குப் புதியதன்று. சுற்றிலும் கொடுமை நிகழ, மாந்தரின் முகங்களில் அதற்கேற்ற துயரம் இல்லை என்றார் அவர். மெய்ப்பாடு இல்லை என்பதே இதன் பொருள். தொல்காப்பியம் கூறும் எட்டனுள் மருட்கையையும் அச்சத்தையும் பெருமிதத்தையும் கணிப்பொறி எளிதில் விளைவிக்கிறது. உயர்ந்த மலையும் இருண்ட குகையும் அதற்குப் போதும். அழுகையையும் இளிவரலையும் விளைவிப்பதற்கு உள்ளிருந்து வரவேண்டியது ஒன்றுண்டு. பிற்காலத்து விளையாட்டுகள் சில, பொத்தானை அழுத்தினால் முகத்தில் நகையோ வெகுளியோ தோன்றுமாறு செய்துள்ளன. உள்ளத்தில் நிகழாது மெய்யில் மட்டும் படுவதை மெய்ப்பாடு என்று உரையாசிரியர் எவரும் ஒப்பார்.

ஆயினும் இளிவரலை இவ்வுலகிலிருந்தே எழுப்பியவர் ஒருவர் உளர். அயர்லாந்துக் கலைஞர் ஆலன் பட்லர், கிராண்ட் தெப்ட் ஆட்டோவின் ஐந்தாம் பகுதியில் லாசு ஏஞ்சலசைப் போலப் படைக்கப்பட்ட நகரத்தில் நடந்தார். கார்த் துரத்தலுக்கும் துப்பாக்கிச் சூட்டிற்கும் பெயர்பெற்ற அவ்விளையாட்டில் அவர் அவற்றை விடுத்து, பாலத்தின்கீழும் தெருவோரத்திலும் கிடக்கும் வீடற்றோரை மட்டும் விளையாட்டுக்குள் தரப்பட்ட கைப்பேசியால் படம் பிடித்தார். அவ்வீடற்றோர் காட்சியை நிரப்புவதற்காக வைக்கப்பட்டவர்கள். அவர்களுக்குப் பெயரும் கதையும் இல்லை. நாணமோ மானமோ கொள்ள அவர்கள் உயிருடையவரும் அல்லர். காண்போர்க்குத்தான் நாணம் உண்டாகிறது. வறுமையையும் நகரத்துக்கு அணிகலனாகச் செதுக்கி வைத்த கைகளை அப்படங்கள் சுட்டுகின்றன. இயற்கைக் காட்சிகளில் காணாத உரிப்பொருள் இங்குக் கிடைத்தது. எவரும் நில்லாத இடத்தில் ஒருவர் நின்றதே அதற்குக் காரணம்.

இனித் தமிழர் வாழ்வுக்குள்ளேயே நிகழ்ந்த ஒன்றை நோக்கலாம். 2022ஆம் ஆண்டு பிப்ரவரி 6ஆம் நாள் கிருட்டிணகிரி மாவட்டத்துச் சிவலிங்கபுரத்தில் திருமணம் நடந்தது. நோய்த்தொற்றுக் காலமாதலால் வரவேற்பு விழா மெய்நிகர் உலகில் நிகழ்ந்தது. மணமக்களும் விருந்தினரும் திரையுருக்களாக வந்து கூடினர். அதற்கு முந்தைய ஆண்டில் மறைந்த மணமகளின் தந்தையும் ஓர் உருவாக அவ்வவையில் இடம்பெறச் செய்யப்பட்டார். அவையோ ஆங்கிலக் கதையொன்றில் வரும் மந்திரப் பள்ளியின் கோட்டை போல் அமைந்திருந்தது.

விழாக் காட்சிகள் செய்தித்தாள்களில் வெளிவந்தபோது எள்ளி நகையாடியவரும் இருந்தனர். கலையளவில் குறை கூற இடமுண்டு என்பதை மறுப்பதற்கில்லை. உருக்கள் பொம்மை போன்றவை, கோட்டை இரவல். ஆனால் போட்டோக்கடையின் மாளிகைப் படிக்கட்டும் இரவல்தானே? அக்கடைகளில் வேறொரு பணியும் நடைபெற்றதுண்டு. மறைந்த கணவரின் பழைய படத்திலிருந்து முகத்தை வெட்டி, மனைவியின் படத்தருகே ஒட்டி, மீண்டும் படம் பிடித்து, இருவரும் ஒருங்கே அமர்ந்தது போல் ஆக்கித் தருவர். ஒட்டிய கோடு கண்ணுக்குத் தெரியும். ஒளி ஒருபக்கம் வலமும் மறுபக்கம் இடமுமாய் விழுந்திருக்கும். அதை மாட்டி வைத்த வீட்டார் எவரும் அதனைப் பொய் என்று கழித்ததில்லை. நிகழ்ந்ததற்குச் சான்றாக அன்றி, நிகழ்ந்திருக்க வேண்டியதற்கு நினைவாகவே அது சுவரில் நின்றது. சிவலிங்கபுரத்துத் தந்தையின் உருவும் அவ்வழிப்பட்டதே. அதில் அழுகை என்னும் மெய்ப்பாடு திரையில் இல்லை. பார்த்த மகளிடம் உண்டு. கில்பர்ட்சன் தேடிக் காணாதது இங்குத் திரைக்கு வெளியே கிடைத்தது.

ஆனால் ஓர் அச்சம் கொள்ளத்தக்கது. ஒட்டிய கோடு தெரிந்தவரை பழைய படம் எவரையும் ஏமாற்றவில்லை. கோடு மறைந்துபோகும் நாளில், நினைவுக்காகச் செய்ததும் சான்றுக்காகப் பிடித்ததும் ஒன்றாகிவிடும். இவ்விடர் ஏட்டுச் சுவடிகளில் இடைச்செருகலை ஆய்ந்து பழகிய தமிழாசிரியர்க்கு எளிதில் விளங்கும்.

மெய்நிகர் உலகம் தானே தவறிழைப்பதும் உண்டு. 2020ஆம் ஆண்டு வெளிவந்த மைக்ரோசாப்ட் பிளைட் சிமுலேட்டர், வான்வழிப் படங்களையும் நிலப்படங்களையும் கொண்டு பூவுலகம் முழுவதையும் தன்னுள் அமைத்தது. ஆத்திரேலிய நகரமான மெல்பர்னில், இரண்டடுக்கு வீடொன்று 212 அடுக்குக் கோபுரமாக விண்முட்டி நின்றது. எவரோ நிலப்படத்தில் தவறாக இட்ட எண்ணைக் கணிப்பொறி ஐயுறாது கட்டி எழுப்பிவிட்டது. அதனைப் படம் பிடிக்கப் பலர் பறந்து சென்றனர்!

பூவுலகம் முழுவதும் அதனுள் அடங்குமாயின், பத்தாங் பாடாங் மாவட்டமும் தாப்பாவும் அதனுள் அடங்கும். ஆற்றின் வளைவையும் கேமரன் மலைத்தொடரையும் மாணவர் வானிலிருந்து படம் பிடிக்கலாம். கீழே விரியும் பசுமையில் எது செம்பனை, எது எஞ்சிய பால்மரக் காடு என்று அவர்கள் கேட்பாராயின், விடை அத்திரையில் கிடைக்காது. அங்குள்ள மரங்களும் வீடுகளும் கணிப்பொறி ஊகித்து நட்டவையே. பெயர்த்தெடுக்கப்பட்ட லயங்கள் நின்ற இடத்தை அது அறியாது. அவ்விடத்தை அறிந்த முதியோர் தாப்பாவைச் சுற்றிலும் இன்னும் உள்ளனர். திரையில் பிடித்த படத்தை அவர்களிடம் நீட்டி, ‘இங்கு என்ன இருந்தது?’ என்று கேட்டு எழுதச் செய்வது, கட்டுரைப் பயிற்சிக்கு ஏற்ற பாடமாகும். அப்போது படத்திற்கு உரிப்பொருளைத் தருவது மாணவரின் உரைநடையாகவே இருக்கும்.

அவ்வாறு பிடிக்கும் படங்களுக்குக் குறிப்பு எழுதும் முறையையும் பழக்குதல் வேண்டும். புறநானூற்றைத் தொகுத்தோர் ஒவ்வொரு பாட்டின் அடியிலும் திணையும் துறையும், பாடினோரும் பாடப்பட்டோரும் குறித்து வைத்தமையால்தான் பிற்காலத்தார் வரலாற்றை ஓரளவேனும் அறிய முடிந்தது. நிழலுலகப் படத்தின் அடியிலும் அது எவ்வுலகில் பிடிக்கப்பட்டது, அவ்வுலகை ஆக்கியோர் யாவர், பிடித்தவர் யார், பொழுதும் ஒளியும் இயல்பாய் அமைந்தனவா மாற்றப்பட்டனவா, முகம் எவருடையது, அவர் இருக்கிறாரா மறைந்தாரா என்பனவற்றை ஈரிரண்டு சொல்லில் எழுதிவிடலாம். ஒரு படத்திற்கு நான்கு வரி போதும்.